குட்டியின் எடை நின்றுபோகும் வாரம்

மதுரையை அடுத்த திருமங்கலத்தில் வெள்ளிக்கிழமை கூடும் ஆட்டுச் சந்தையில் வாங்க வருபவர் முதலில் ஆட்டின் முதுகைத்தான் தடவிப் பார்ப்பார். முதுகெலும்பு துருத்திக்கொண்டு கையில் இடறினால் விலை இறங்கிவிடும். விற்கும் நாளில் நடக்கும் இந்தச் சோதனையைக் குட்டி பிறந்த நாளிலிருந்தே வாராவாரம் வீட்டில் செய்தால் பல குட்டிகள் பிழைக்கும். குடற்புழுவோ, இரத்தக் கழிச்சலோ, தாயிடம் பால் பற்றாக்குறையோ எதுவானாலும் குட்டி சுருண்டு படுப்பதற்கு முன்பே அதன் எடை ஏறாமல் நின்றுபோகிறது.

முதல் நாள் சீம்பால்

தாய் ஆட்டின் நோய் எதிர்ப்புப் பொருள் கருவிலிருக்கும் குட்டிக்குப் போய்ச் சேர்வதில்லை. அது சீம்பால் வழியாகத்தான் வரவேண்டும். அந்தப் பொருளை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும் ஆற்றல் குட்டியின் குடலுக்கு ஏறத்தாழ 24 மணி நேரம்தான் உண்டு. அதிலும் முதல் சில மணி நேரம்தான் மிக முக்கியம். குட்டியின் எடையில் பத்தில் ஒரு பங்கு சீம்பால் முதல் நாளிலேயே உள்ளே போகவேண்டும். 2 கிலோ குட்டிக்கு 200 மில்லி. நஞ்சுக்கொடி விழும்வரை சீம்பால் கொடுக்கக் கூடாது என்று சிலர் காத்திருப்பது குட்டிக்குச் செய்யும் பெரிய கெடுதல்.

தராசும் தையல் டேப்பும்

மதுரைக்குத் தெற்கே விருதுநகர், தூத்துக்குடிச் சீமையின் கன்னி ஆடு இரட்டைக் குட்டி ஈனுவதில் பெயர்பெற்றது. இரட்டையில் வலுத்தது மடியைப் பிடித்துக்கொள்ள, இளைத்தது ஒதுங்கிவிடும். கூட்டத்தில் வைத்துப் பார்த்தால் கண்ணுக்குத் தப்பிவிடுகிற இந்த வித்தியாசம் தராசில் தப்பாது.

குட்டியைச் சாக்கில் இட்டு, தலை மட்டும் வெளியே தெரியும்படி தொங்குதராசில் மாட்டினால் போதும். வாரத்தில் ஒரே கிழமை, மேய்ச்சலுக்கு விடுமுன் காலையில் எடை போட்டு நோட்டில் எழுதிவைக்க வேண்டும். நாட்டு இனக் குட்டி நாளுக்குச் சுமார் 50 கிராம் ஏறினால் வாரத்துக்கு 350 கிராம் ஆகிறது. இரண்டு வாரம் தொடர்ந்து எடை ஏறவில்லை என்றால் மூன்றாவது வாரத்துக்குக் காத்திருக்கக் கூடாது.

வளர்ந்த குட்டியைத் தூக்க முடியாதவர்களுக்குத் தையல் டேப் உதவும். முன்கால்களுக்குப் பின்னே மார்புச் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து பிட்டத்து எலும்பு வரை நீளத்தையும் அங்குலத்தில் அளக்க வேண்டும். சுற்றளவைச் சுற்றளவாலேயே பெருக்கி, வந்ததை நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் ஏறக்குறைய எடை கிலோவில் கிடைக்கும். 20 அங்குலச் சுற்றளவும் 18 அங்குல நீளமும் உள்ள குட்டி கிட்டத்தட்ட 11 கிலோ.

இமைக்குள் தெரியும் சோகை

எடை நின்ற குட்டியின் கீழிமையை விரலால் தாழ்த்திப் பார்க்க வேண்டும். உட்புறம் நல்ல சிவப்பாக இருந்தால் இரத்தம் குறையவில்லை. வெளுத்திருந்தால் வயிற்றில் இரத்தம் குடிக்கும் உருண்டைப்புழு இருக்கக்கூடும். தென்னாப்பிரிக்கக் கால்நடை மருத்துவர் ஃபாஃபா மாலன் இந்த நிறத்தை ஐந்து படிகளாகப் பிரித்து வரைந்த அட்டை இன்று உலகெங்கும் பயன்படுகிறது. எல்லா ஆட்டுக்கும் அடிக்கடி பூச்சி மருந்து ஊற்றினால் புழுக்கள் மருந்துக்குப் பழகிவிடும். இமை வெளுத்த ஆட்டுக்கு மட்டும், மருத்துவர் சொல்லும் அளவில் கொடுக்கச் சொல்கிறது இந்த முறை. மருந்தின் அளவும் எடையைப் பொறுத்ததுதான். நோட்டு இங்கேயும் கைகொடுக்கும்.

கீழ்த்தாடையில் நீர் கோத்து வீங்கியிருந்தால் நோய் முற்றிவிட்டது என்று பொருள்.

தெருவில் கிடக்கும் ஆபத்து

மதுரையின் செல்லூர் போன்ற நெருக்கமான தெருக்களில் வளரும் ஆட்டுக்குப் பசுந்தழை அரிது, குப்பைத்தொட்டி பக்கம். முகூர்த்த நாட்களில் மண்டபத்துக்கு வெளியே கொட்டும் சோற்றை ஆடு வயிறு முட்டத் தின்றால் இரைப்பையில் அமிலம் பெருகும். அசைபோடுவது நின்று, வயிறு உப்பி, ஓரிரு நாளில் உயிரே போகலாம். சோற்றோடு பிளாஸ்டிக் பையும் உள்ளே போய்விட்டால் அது செரிக்காமல் தங்கி, ஆட்டை நாள்பட இளைக்க வைக்கும். கட்டிவைத்து அகத்தி, வேப்பந்தழை, சூபாபுல் போடுவது செலவுதான். ஆனாலும் சோற்றால் ஒரு கிடா செத்துப்போகும் நட்டத்தைவிட அது குறைவு.

அரசூரில் தெரியவந்த நோய்

எடையும் இமையும் முன்கூட்டிச் சொல்லாத நோயும் உண்டு. ஆட்டுக்கொல்லி நோய் இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது தமிழ்நாட்டில்தான்: 1987-இல், இன்றைய விழுப்புரம் மாவட்டத்து அரசூர்ச் செம்மறிகளில். கடும் காய்ச்சல், மூக்கிலும் கண்ணிலும் ஒழுக்கு, வாய்ப்புண், நாற்றக் கழிச்சல் என வரிசையாக வந்து பட்டியையே காலி செய்யக்கூடியது. அந்த அரசூர் வைரஸிலிருந்தே தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் தடுப்பூசி உருவாக்கியது. 2030-க்குள் இந்த நோயை உலகிலிருந்தே ஒழிப்பது என்று 2015-இல் சர்வதேச அமைப்புகள் இலக்கு வைத்தன.

தடுப்பூசியை மூன்று மாதம் தாண்டிய குட்டிக்குப் போடலாம். பல ஆண்டு பாதுகாப்புத் தரும். சந்தையில் வாங்கிய ஆட்டை அன்றைக்கே பட்டியில் சேர்க்காமல் மூன்று வாரம் தனியே கட்டிப்போடுவதும் அவசியம். மூன்று மாதம் நிறைந்த குட்டி வீட்டில் இருந்தால் இந்த வாரமே அரசுக் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். எழ முடியாமல் கிடக்கும் ஆட்டுக்கு நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கும் எண் 1962.