வீட்டுக்கு முதல் வெல்டிங் யந்திரம்: எதைத் தெரிந்தெடுப்பது?

நெசவாளர் சங்கமாயினும் விவசாயிகளின் கடன் சங்கமாயினும், நாம் ஆய்வுக்காகச் செல்லுமிடங்களிலெல்லாம் பேரேட்டை மூடி வைத்த பின்னர்தான் மனம் விட்ட பேச்சுத் தொடங்குகிறது. அப்பேச்சில் ஒரு வினா அண்மைக் காலமாக அடிக்கடி எழக் காண்கிறோம். ஓய்வு நேரத்தில் வீட்டிலேயே சிறு இரும்பு வேலைகளைச் செய்துகொள்ள விரும்பும் அங்கத்தினர்கள், "முதன்முதலாக வாங்கும் வெல்டிங் யந்திரம் எதுவாக இருத்தல் நலம்?" என்று வினவுகின்றனர். பூந்தொட்டித் தாங்கி, கோழிக் கூண்டின் சட்டம், தார் சுற்றும் இராட்டையின் முறிந்த கால், மோட்டார் கொட்டகையின் கதவுக் கீல் ஆகியவையே அவர்கள் மனத்தில் உள்ள வேலைகள். கூலிக்குச் செய்வது நோக்கமன்று. கைவேலையில் உள்ள ஆசையே நோக்கம். அவ்வாசை நமக்கும் உண்டு. ஆதலின், கைப்பணம் கொடுத்தும் கண்ணீர் கொடுத்தும் நாம் கற்ற சிலவற்றை இங்கு எடுத்துரைக்கிறோம்.

கடைக்குச் செல்லுமுன் வீட்டுச் சுவரைப் பார்க்க வேண்டும். பெரும்பாலோர் இதனைத் தலைகீழாகச் செய்கின்றனர். யந்திரத்தை வாங்கி வந்த பின்னரே அதனை எங்கே சொருகுவது என்று தேடுகின்றனர்.

நம் வீடுகளுக்கு வரும் மின்சாரம் பெரும்பாலும் ஒற்றைப் பேஸ், 230 வோல்ட் ஆகும். சுவரில் இருவகைப் பிளக்குகள் உள்ளன. விளக்குக்கும் விசிறிக்கும் உரியது 6 ஆம்பியர் சிறு பிளக். தண்ணீர் சூடாக்கும் ஹீட்டர் முதலியவற்றுக்குரியது 16 ஆம்பியர் பெரிய பிளக். வெல்டிங் யந்திரத்துக்குப் பின்னது இன்றியமையாதது. கணக்கைச் சற்றுப் பாருங்கள். 80 ஆம்பியரில் பற்றவைக்கும்போது மின்வில்லின் அழுத்தம் ஏறக்குறைய 23 வோல்ட். இரண்டையும் பெருக்கினால் 1,840 வாட் ஆகிறது. யந்திரத்தினுள் நேரும் நஷ்டத்தையும், சிறு யந்திரங்களில் பவர் பாக்டர் குறைவாயிருத்தலையும் சேர்த்துக் கணக்கிட்டால், சுவரிலிருந்து இழுக்கப்படுவது சுமார் 14 ஆம்பியர் ஆகும். பற்றவைக்கும் மின்னோட்டத்தை 100 ஆம்பியராக உயர்த்தினால், சுவரிலிருந்து இழுப்பது 18 ஆம்பியரை எட்டிவிடும். எனவே 16 ஆம்பியர் பிளக்கை நம்பி வேலை செய்பவர், பெட்டியின் மீது 250 என்று எழுதியிருந்தாலும் 400 என்று எழுதியிருந்தாலும், 80 அல்லது 90 ஆம்பியர் அளவிலேயே நிற்க வேண்டியவராவார். எஞ்சிய ஆம்பியர்களுக்கு அவர் கொடுத்த விலை, கிணற்றில் இறங்காத கயிற்றுக்குக் கொடுத்த விலையே.

இதனைக் கேட்டு எவரும் மனந்தளர வேண்டியதில்லை. வீட்டு வேலைகளில் பத்தில் ஒன்பதுக்கு 80 ஆம்பியர் தாராளமாகப் போதும்.

பழைய பட்டறைகளில் நாம் காணும் கனத்த டிரான்ஸ்பார்மர் யந்திரம் வீட்டுக்கு ஏற்றதன்று. அது மலிவாகக் கைமாற்று விலைக்குக் கிடைக்கிறது என்பதும், எளிதில் பழுதாவதில்லை என்பதும் மெய்யே. ஆனால் அதன் இழுப்பு வேறு கணக்கு. திறந்த நிலையில் 70 வோல்ட் தரும் டிரான்ஸ்பார்மர் 100 ஆம்பியர் கொடுக்குமாயின், சுவரிலிருந்து சுமார் 30 ஆம்பியரை இழுக்கும். தெருவில் விளக்குகள் மங்குவதும், அண்டை வீட்டார் வாசலில் வந்து நிற்பதும் அதனாலேயே. இக்காலத்தில் இன்வெர்ட்டர் வகை யந்திரங்கள் பரவலாக வந்துவிட்டன. இவை மின்சாரத்தை வினாடிக்குப் பல்லாயிரம் முறை மாறும் அலையாக மாற்றியமைத்துக்கொள்வதால், உள்ளிருக்கும் டிரான்ஸ்பார்மர் உள்ளங்கையளவே போதுமானதாகிறது. யந்திரத்தை ஒரு கையால் தூக்கலாம். டி.சி. மின்னோட்டம் தருவதால் கம்பி எளிதில் பற்றுகிறது. புதியவர் கைக்கும் வில் அணையாமல் நிற்கிறது.

இங்கே விவசாய அங்கத்தினர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டு மின்சாரம் போதவில்லையென்று, தோட்டத்துப் பம்பு செட்டுக்கு வரும் இணைப்பில் வெல்டிங் யந்திரத்தை மாட்டுவோர் சிலரை நாம் அறிவோம். ஒரு காரியத்துக்கென வழங்கப்பட்ட மின்சாரத்தை வேறொன்றுக்குப் பயன்படுத்துதல், 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவின்படி அங்கீகாரமற்ற உபயோகமாகும். அதற்கு விதிக்கப்படும் தொகை ஒரு புதிய யந்திரத்தின் விலையை மிஞ்சிவிடக்கூடும். வீட்டு இணைப்பிலும், ஊராருக்குக் கூலிக்கு வேலை செய்யத் தொடங்கினால் அது வேறு வகையாகிவிடும். அந்நிலை வருமுன் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டுத் தெளிதல் வேண்டும்.

இனி, வகைகளைப் பார்ப்போம். கடைக்காரர் மூன்று பெயர்களைச் சொல்லுவார். கம்பியால் பற்றவைக்கும் சாதாரண ஆர்க் முறை ஒன்று. சுருளிலிருந்து கம்பி தானே ஓடிவரும் மிக் முறை மற்றொன்று. டங்ஸ்டன் முனையும் ஆர்கான் வாயுவும் கொண்ட டிக் முறை மூன்றாவது. டிக் முறை 1940-களில் அமெரிக்க விமானத் தொழிலில் மக்னீசியத்தைப் பற்றவைக்கவென்றே வளர்ந்தது. எவர்சில்வர், அலுமினியம் ஆகியவற்றில் அதன் அழகே அழகு. எனினும் முதல் யந்திரமாக வாங்கத் தக்கதன்று. மிக் முறை கற்பதற்கு மூன்றிலும் எளிது. மெல்லிய தகட்டுக்கும் சிறந்தது. ஆனால் சிலிண்டர் வாங்க வேண்டும், வாயு தீர்ந்தால் நகரத்துக்குச் சுமந்து சென்று நிரப்ப வேண்டும், காற்றடிக்கும் திறந்த வெளியில் வாயு கலைந்துவிடும். வாயு வேண்டாத, உள்ளே மருந்து நிரம்பிய கம்பிச் சுருளும் இப்போது கிடைக்கிறது. மோட்டார் வண்டித் தகடு, மெல்லிய பெட்டி முதலியவற்றிலேயே விருப்பமுள்ளவர் அதனைக் கருதலாம். மற்றெல்லோருக்கும் நம் பரிந்துரை கம்பி முறையே. முற்றத்திலும் வயல் வரப்பிலும் அது வேலை செய்யும். சற்றே துருப்பிடித்த இரும்பையும் பொறுத்துக்கொள்ளும். கம்பிக் கட்டு சிற்றூர்க் கடைகளிலும் கிடைக்கும்.

யந்திரத்தின் மீது ஒட்டப்பட்டுள்ள பெயர்ப் பலகையை வாசிக்கக் கற்றவரைக் கடைக்காரர் ஏமாற்றுதல் அரிது. பெட்டியின் மீதுள்ள வண்ண எழுத்துக்களை விட்டுவிட்டு, பலகையில் டியூட்டி சைக்கிள் என்ற வரியைத் தேடுங்கள். பத்து நிமிடத்தில் எத்தனை நிமிடம் யந்திரம் இடைவிடாது உழைக்கும் என்பதையே அது சதவீதத்தில் கூறுகிறது. 200 ஆம்பியருக்கு 30 சதம் என்றிருந்தால், அந்த அளவில் மூன்று நிமிடம் பற்றவைத்து ஏழு நிமிடம் ஆறவிட வேண்டும். அதே யந்திரம் ஏறத்தாழ 110 ஆம்பியரில் ஓய்வின்றி உழைக்கும். இந்தக் கணக்கும் வழக்கமாக 40 டிகிரி வெப்பத்தை வைத்தே போடப்படுவது. சித்திரை வெயிலில் தகரக் கொட்டகையின் கீழ் அதனையும் குறைத்தே மதிக்க வேண்டும். இவ்வரியே இல்லாத பலகையும், பலகையே இல்லாத யந்திரமும் சந்தையில் உண்டு. நம் வட்டாரத்து அங்கத்தினர் ஒருவர் அத்தகைய ஒன்றை, கைக்கு மிக இலேசாக இருந்ததையும் 300 என்ற எண்ணையும் கண்டு மகிழ்ந்து வாங்கினார். கோழிக் கூண்டின் இரண்டாவது சட்டம் முடியுமுன் அது புகைந்தது. ரசீது இல்லாமையால் கடைக்காரர் கைவிரித்தார். அதற்கு அவர் செலவிட்ட பணம் பயிர்க் கடனாகப் பெற்ற தொகையிலிருந்து எடுத்தது என்பதை அறிந்தபோது, அவரைக் கடிந்துகொள்ளவும் நமக்கு மனம் வரவில்லை. பொழுதுபோக்குக்குரிய பொருளைச் சேமிப்பிலிருந்து வாங்குக என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

உண்மையாகவே 160 முதல் 200 ஆம்பியர் தரக்கூடிய, ஒற்றைப் பேஸ் இன்வெர்ட்டர் ஒன்று வீட்டுக்கு நிறைவானது. 80 ஆம்பியரில் வேலை செய்பவருக்கு அது மூச்சுவாங்காமல் உழைக்கும். பின்னாளில் தனி வயர் இழுத்துப் பெரிய பிரேக்கர் போட்டுக்கொண்டால் மேலும் பயன் தரும். நம் சிற்றூர்களில் மாலை வேளையில் 190 வோல்ட்டுக்கும் கீழே அழுத்தம் இறங்குவதுண்டு. ஆதலால் எவ்வளவு குறைந்த வோல்ட்டில் ஓடும் என்பதைக் கேட்டறிதல் அவசியம். நீட்டிப்பு வயர் வேண்டுமாயின், 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத செப்புக் கம்பியாக இருக்கட்டும். சுருட்டி வைத்தபடியே உபயோகித்தால் சுருளுக்குள் சூடேறி உறை உருகும். முழுவதும் பிரித்துப் போடுக.

கம்பியில் 6013 என்று வழங்கும் வகை புதியவருக்கு ஏற்றது. ஐ.எஸ். 814 முத்திரை உள்ளதாகப் பார்த்து வாங்கலாம். 2.5 மில்லிமீட்டர்க் கம்பி 60 முதல் 90 ஆம்பியரில் எரியும். 3 மில்லிமீட்டர் கனமுள்ள ஆங்கிளுக்கும் பட்டைக்கும் அதுவே பொருத்தம். ஒன்றரை மில்லிமீட்டருக்கும் மெல்லிய சதுரக் குழாயை முதலில் எடுத்தவர் ஓட்டையையே காண்பார். அதற்கு 2 மில்லிமீட்டர்க் கம்பியும், பொறுமையும், இடைவெளிவிட்டுச் சிறுசிறு பற்றாகப் போடும் பழக்கமும் வேண்டும். 7018 என்னும் கம்பி உறுதியானதே. ஆயினும் ஈரம் பட்டால் கெடுவது. அடுப்பிலிட்டு உலர்த்தி உபயோகிக்க வேண்டியது. ஐப்பசி மழையில் வீட்டில் வைத்துக் காப்பது கடினம். 6013-ஐயும் மூடியுள்ள தகர டப்பாவில் வைப்பதே நன்று.

ஒதுக்கிய பணம் முழுவதையும் யந்திரத்தில் செலவிடுவோரே மிகுதி. மூன்றில் ஒரு பங்கைத் தனியே எடுத்து வைக்குமாறு நாம் வற்புறுத்துகிறோம். முகமூடி, தோல் கையுறை, மூடிய காலணி, கசடு தட்டும் சுத்தியல், கம்பித் தூரிகை, அறுப்பதற்கும் தேய்ப்பதற்கும் ஒரு கிரைண்டர் ஆகியவை அப்பங்கில் அடங்கும்.

முகமூடியைப் பற்றி நம் சொந்த அனுபவத்தைக் கூறாமலிருக்க இயலவில்லை. வெல்டிங் பழகிய முதல் ஆண்டில், ஒரு நாற்காலிச் சட்டத்துக்குப் புள்ளிப்பற்று வைத்துக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு புள்ளிக்கும் முகமூடியை இறக்கி ஏற்றுவது சலிப்பாயிருந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டால் போதுமென எண்ணி இருபது முப்பது புள்ளிகளை அப்படியே வைத்தோம். மாலையில் ஒரு துன்பமும் இல்லை. நள்ளிரவில் இரு கண்களிலும் மணலை அள்ளிப் போட்டதுபோல் எரிச்சல் கண்டது; இமையைத் திறக்கவும் முடியவில்லை, மூடவும் முடியவில்லை. மின்வில்லின் புற ஊதாக் கதிர் கருவிழியின் மேல் தோலைச் சுடுகிறது. அதன் வலி பல மணி நேரம் கழித்தே தோன்றுவதால், பட்ட நேரத்தில் எச்சரிக்கை கிடைப்பதில்லை. மறுநாள் விடிந்ததும் கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லப்பட்டோம். இரண்டு நாளில் தெளிந்தது. உருளைக்கிழங்குச் சாறும் தாய்ப்பாலும் விடுமாறு அன்பர்கள் கூறினர். சுட்ட கண்ணில் சுத்தமற்ற எதையும் விடலாகாது என்று மருத்துவர் கண்டித்துரைத்தார். வெல்டிங் வேலைக்குக் குறைந்தது 10-ஆம் எண் கறுப்புக் கண்ணாடி வேண்டும். வெயிலுக்குப் போடும் கண்ணாடி இதற்கு உதவாது. வில் தோன்றியவுடன் தானே கறுக்கும் முகமூடி இப்போது கிடைக்கிறது. புள்ளிப்பற்று வைப்போருக்கு அது மிக்க சௌகரியம். அருகில் நின்று வேடிக்கை பார்க்கும் குழந்தைகளுக்கும் இதே ஆபத்து உண்டு. அவர்களை உள்ளே அனுப்பிவிட்டே தொடங்க வேண்டும்.

புகையும் எளிதாகக் கொள்ளத் தக்கதன்று. 2017-ஆம் ஆண்டில் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, வெல்டிங் புகையை மனிதர்க்குப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதற் பிரிவில் சேர்த்தது. வெள்ளை முலாம் பூசிய ஜி.ஐ. குழாயில் தனி அபாயமும் உண்டு. இரும்பு உருகுவது 1,538 டிகிரியில். துத்தநாகமோ 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். அந்த வெண்புகையை நுகர்ந்தவருக்கு இரவில் குளிரும் காய்ச்சலும் வரும். பால் குடித்தால் முறிந்துவிடும் என்று பட்டறைகளில் சொல்வதை நம்ப வேண்டாம். பற்றவைக்கும் இடத்தில் முலாமைத் தேய்த்து நீக்கிவிட்டு, திறந்த வெளியில், காற்று வரும் பக்கம் நின்று செய்ய வேண்டும்.

நெசவாளர் வீட்டில் நெருப்புக்கு இரை எங்கும் உண்டு. பாவும் நூலும் பஞ்சுத் தூசும் ஒரு பொறிக்குக் காத்திருப்பவை. விவசாயி வீட்டில் வைக்கோல் அவ்வாறே. பொறி 35 அடி தூரம் வரை ஓடும் என்று கொண்டு இடத்தைத் தெரிந்தெடுக்க வேண்டும். தறிக் கூடத்துக்குள் ஒருபோதும் கூடாது. வேலை முடிந்து ஒரு மணி நேரம் வரை அவ்விடத்தைக் கவனித்திருத்தல் வேண்டும். உடையைப் பொறுத்தவரை, நம் சங்கத்துக் கனத்த பருத்தித் துணியைவிடச் சிறந்ததில்லை. பாலியெஸ்டர் உருகித் தோலில் ஒட்டும். பெட்ரோல் டாங்கி, பூச்சிமருந்து டிரம், காலி சிலிண்டர் ஆகியவற்றைக் கழுவிவிட்டோம் என்ற தைரியத்தில் தொடவே கூடாது. ஏணி, ஊஞ்சல் முதலான, ஆள் ஏறும் பொருள்களையும் முதல் ஆண்டில் தவிர்க்க வேண்டும்.

கடைக்குப் போகும்போது அரையடி நீளமுள்ள பட்டைத் துண்டுகள் இரண்டைக் கையோடு கொண்டு செல்லுங்கள். யந்திரத்தை ஓட்டிக் காட்டச் சொல்லி, 2.5 மில்லிமீட்டர்க் கம்பி ஒன்று முழுவதும் எரியும்வரை முகமூடியினூடே பாருங்கள். எர்த் கிளாம்பும் ஹோல்டரும் செம்பால் ஆனவையா, கேபிள் மூன்று மீட்டராவது உள்ளதா, பழுது பார்க்கும் இடம் எந்த ஊரில் உள்ளது என்பவற்றைக் கேளுங்கள். ரசீதில் யந்திரத்தின் வரிசை எண்ணையும் உத்தரவாதக் காலத்தையும் எழுதச் செய்து, அதனைப் பாஸ் புத்தகத்தோடு வைத்துக்கொள்ளுங்கள்.