கருவளையத்தை மறைக்க வெளிர் நிறம் வேண்டாம்... ஆரஞ்சுதான் கைகொடுக்கும்!

'ராத்திரி சரியா தூங்கலையா?', 'உடம்புக்கு முடியலையா?' - கண்ணுக்குக் கீழே கருவளையம் உள்ளவர்கள் விசேஷ வீடுகளில் இந்தக் கேள்விகளிலிருந்து தப்பிக்கவே முடியாது. அதனாலேயே பலர் தங்கள் சருமத்தைவிட வெளிர் நிறத்தில் கன்சீலர் வாங்கி, கண்ணுக்குக் கீழே தாராளமாகப் பூசிவிடுகிறார்கள். வீட்டுக் கண்ணாடியில் சரியாகத்தான் தெரியும். பகல் வெளிச்சத்துக்கு வந்தாலோ, அந்த இடம் மட்டும் சாம்பல் பூசியதுபோல நிற்கும். கல்யாண ஆல்பத்தில் அது இன்னும் எடுப்பாகத் தெரியும்.

விலை உயர்ந்த கன்சீலர் வாங்கினாலும் இதேதான் நடக்கும். சிக்கல் தரத்தில் இல்லை, நிறத்தில் இருக்கிறது.

ஏன் சாம்பல் நிறம்?

கண்ணைச் சுற்றியுள்ள சருமம் உடலிலேயே மிக மெல்லியது. அடியில் இருக்கும் ரத்த நாளங்கள் அதன் வழியே நீலம் கலந்து தெரியும். நம் சருமத்தில் மெலனின் அதிகம் என்பதால் பழுப்பும் சேர்ந்துகொள்ளும். இந்தக் கருமையின் மேல் வெளிர் நிறத்தைப் பூசினால், இரண்டும் கலந்து சாம்பலாகத்தான் தெரியும்.

வண்ணச் சக்கரத்தில் நீலத்துக்கு நேர் எதிரே இருப்பது ஆரஞ்சு. எதிரெதிர் நிறங்கள் ஒன்றையொன்று மங்கச் செய்யும். அதனால்தான் முதலில் ஆரஞ்சு சார்ந்த கலர் கரெக்டர், அதன் மேல் கன்சீலர் என்ற வரிசை.

அமெரிக்காவில் வளர்ந்த இந்திய வம்சாவளிப் பெண் தீபிகா முத்யாலா, 2015-ல் சிவப்பு லிப்ஸ்டிக்கைக் கண்ணுக்குக் கீழே தடவி, அதன் மேல் கன்சீலர் போட்டுக் காட்டிய யூடியூப் வீடியோ உலகம் முழுக்க வைரலானது. அதன் பின்னணியும் இதே நிறக் கணக்குதான். ஆனால், உதட்டுக்கான நிறமிகள் எல்லாமே கண் பகுதிக்கு ஏற்றவை அல்ல. எனவே, கண்ணுக்கென்றே தயாரிக்கப்படும் கரெக்டரை வாங்குவது நல்லது.

எந்த நிறம் யாருக்கு?

சிவந்த நிறத்தினருக்கு பீச் நிறம், மாநிறத்தினருக்கு ஆரஞ்சு, கறுத்த நிறத்தினருக்கு செங்கல் நிறம் சார்ந்த அடர் ஆரஞ்சு பொருந்தும். கன்சீலரைத் தாடையோரம் தடவி, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். சருமத்தோடு கலந்துவிட்டால் அதுதான் உங்கள் நிறம்.

போடுவது எப்படி?

* முகம் கழுவி, கண்ணுக்குக் கீழே சிறிதளவு மாய்ஸ்சரைசர் தடவுங்கள். அது உறிஞ்சப்பட ஐந்து நிமிடம் விடுங்கள். வறண்ட சருமத்தில் கன்சீலர் திட்டுத்திட்டாகும்.

* கரெக்டரைக் கருமை உள்ள இடத்தில் மட்டும் மெல்லிய படலமாக வையுங்கள். மோதிர விரலால் ஒற்றி எடுங்கள்; தேய்க்க வேண்டாம்.

* ஒரு நிமிடம் கழித்து, அதன் மேல் கன்சீலரையும் அதேபோல ஒற்றுங்கள். ஒரே தடவையில் கனமாகப் போடுவதைவிட, மெல்லியதாக இரண்டு முறை போடலாம்.

* கடைசியாக, சிட்டிகை பவுடரை மென்மையாக அழுத்துங்கள். கண்ணைச் சுற்றிச் சுருக்கம் உள்ளவர்கள் பவுடரை இன்னும் குறைக்கலாம். அதிகமானால் சுருக்கக் கோடுகளில் போய்த் தங்கிவிடும்.

* விசேஷத்துக்குக் கிளம்பும் முன் ஃபிளாஷ் போட்டு ஒரு செல்ஃபி எடுங்கள். சில பவுடர்களும் சன்ஸ்கிரீன்களும் ஃபிளாஷ் வெளிச்சத்தில் வெள்ளையாகத் தெரியும். வீட்டிலேயே தெரிந்தால் துடைத்துவிடலாம்.

மேக்கப்பால் மறையாதவை

முகத்தை நிமிர்த்தி வெளிச்சத்தைப் பாருங்கள். கருமை சட்டென்று குறைந்தால், அது பெரும்பாலும் கண்ணுக்குக் கீழுள்ள பள்ளத்தின் நிழல். இதற்குப் பள்ளத்தின் கோட்டில் மட்டும் அரை ஷேடு வெளிர் கன்சீலர் வைக்கலாம். கண்ணுக்குக் கீழே வீக்கம் இருந்தால் வெளிர் நிறம் அதை இன்னும் உப்பலாகக் காட்டும்.

இதைக் கவனியுங்கள்

கருவளையம் பலருக்குப் பரம்பரையாக வருவது. தூக்கக் குறைவு, அலர்ஜி, கண்ணைக் கசக்கும் பழக்கம் ஆகியவை அதை அதிகமாக்கும். ரத்தசோகையில் முகம் வெளிறும்போதும் கருமை எடுப்பாகத் தெரியும். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 சதவிகிதத்தினருக்கு ரத்தசோகை இருக்கிறது. கருவளையத்தோடு அசதி, மூச்சு வாங்குதல், படபடப்பும் இருந்தால், கன்சீலர் வாங்கும் முன் ஹீமோகுளோபின் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஒரு கண்ணில் மட்டும் திடீரென்று கருமையோ வீக்கமோ வந்தாலும் டாக்டரைப் பாருங்கள்.

'ஏழே நாளில் சிவப்பழகு' என்று விற்கப்படும் கிரீம்களைக் கண் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அவற்றில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் சருமம் இன்னும் மெலியும். கண்ணைச் சுற்றித் தொடர்ந்து பூசினால் கண் அழுத்தம் கூடவும், கண்புரை வரவும்கூட வாய்ப்பு உண்டு.

இரவில் மேக்கப்போடு தூங்க வேண்டாம். ரிமூவரில் நனைத்த பஞ்சை மூடிய கண்ணின் மேல் சில நொடிகள் வைத்து, பிறகு மெதுவாகத் துடையுங்கள். அழுத்தித் தேய்த்தால், மறைக்க நினைத்த கருமை நாளடைவில் அதிகமாகத்தான் ஆகும்.