நாலு சீட்டு, நாலு முடிவு

ஊராட்சித் தேர்தல் அன்று வாக்குச்சாவடிக்குள் போகிறவர் கைக்கு வழக்கமாக நான்கு சீட்டுகள் வரும். தமிழ்நாட்டில் 2019 டிசம்பர் 27, 30 தேதிகளிலும், எல்லை மாற்றப்பட்ட ஒன்பது மாவட்டங்களில் 2021 அக்டோபர் 6, 9 தேதிகளிலும் அப்படித்தான் நடந்தது. வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். ஒரே சாவடியில் இரண்டு வார்டுக்காரர்கள் ஓட்டுப் போட்டால், குழப்பம் வராமல் இருக்க ஒரு வார்டுக்கு நீலச் சீட்டு. பலருக்கும் இதில் இளஞ்சிவப்புதான் தேர்தல். தலைவர் யார் என்பதில்தான் சண்டை, செலவு, பேச்சு எல்லாம். வெள்ளைச் சீட்டை, கடையில் மீதிச் சில்லறைக்குப் பதில் கொடுக்கும் மிட்டாய் போல வாங்கி எங்கேயோ ஒரு குத்து குத்திவிட்டு வந்துவிடுகிறோம். தலைவரைக் கேள்வி கேட்க ஊருக்குள்ளேயே சட்டம் வைத்திருக்கும் பிடி அந்த வெள்ளைச் சீட்டில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். துணைத் தலைவர் அப்படி வருவதில்லை. வென்ற வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஊராட்சிக் கணக்கிலிருந்து பணம் எடுக்கத் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். தெருவிளக்கு பல்பு, குடிநீர்த் தொட்டி மோட்டார், வாய்க்கால் தூர் என்று எந்த பில்லானாலும் இரண்டாவது கையெழுத்து விழாமல் நகராது. அந்தக் கை யாருடையது என்பதைத் தீர்மானிப்பது வெள்ளைச் சீட்டு. வார்டு உறுப்பினர்கள் விவரம் தெரிந்தவர்களாக இருந்தால் அந்தக் கையெழுத்து ஒரு தணிக்கை. தலைவர் கைகாட்டிய ஆட்களாக இருந்தால் வெறும் சடங்கு. துணைத் தலைவர் கையெழுத்தை வைத்துக்கொண்டு பேரம் பேசுவதும் உண்டே என்று கேட்கலாம். உண்டுதான். வார்டுக்கு எப்படிப்பட்ட ஆளை அனுப்புகிறோம் என்று யோசிக்க அது இன்னொரு காரணம். போதாததற்கு, ஒரு வார்டு என்பது பல ஊர்களில் சில நூறு ஓட்டுதான். இரண்டு பேர் சமமாக வாங்கினால் குலுக்கல் போட்டு முடிவு செய்ய வேண்டும் என்கிறது சட்டம். நாடாளுமன்றத் தேர்தலில் லட்சங்களில் கரைந்துபோகும் ஓர் ஓட்டு, இங்கே ஒரு பதவியையே புரட்டிப்போடும்.

பச்சைச் சீட்டு ஏறக்குறைய 5,000 பேருக்கு ஒரு கவுன்சிலரையும், மஞ்சள் 50,000 பேருக்கு ஒருவரையும் தருகிறது. ஒன்றியத் தலைவரையும் மாவட்ட ஊராட்சித் தலைவரையும் இந்தக் கவுன்சிலர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். இந்த இரண்டு சீட்டில் மட்டும் கட்சிச் சின்னங்கள் இருக்கும். வெள்ளையிலும் இளஞ்சிவப்பிலும் கட்சியே கிடையாது. பூட்டு சாவி போன்ற சுயேச்சைச் சின்னங்கள்தான். பழகிய சின்னத்தைத் தேடிக் கண் அலைந்தால் கை தவறும். ஒவ்வொரு நிறத்துக்கும் ஆள் பெயரையும் சின்னத்தையும் வீட்டிலேயே மனதில் பதித்துக்கொண்டு போவதுதான் வழி.

நகரங்களில் இந்தச் சிக்கல் இல்லை. 2022 பிப்ரவரி 19-ல் நடந்த தேர்தலில் வார்டுக்கு ஓர் ஓட்டு, அதுவும் இயந்திரத்தில். கிராமத்தில் காகிதமும் முத்திரையும். இயந்திரத்தில் ஓட்டு செல்லாமல் போவது அபூர்வம். காகிதத்தில் அது சுலபம். சாவடியில் தரும் முத்திரையை ஒரு வேட்பாளருக்கு எதிரே, அவர் சின்னத்தின் மேல், ஒரே ஒரு முறை குத்த வேண்டும். இரண்டு பேருக்குக் குத்தினாலோ, யாருக்கு என்று தெரியாதபடி நடுக்கோட்டில் குத்தினாலோ செல்லாது. சாவடி முத்திரையை விட்டுவிட்டுப் பேனாவால் டிக் அடித்தாலும் செல்லாது. கையெழுத்து, கைநாட்டு, வாழ்த்து, வசை என்று ஓட்டுப் போட்டவரைக் காட்டிக்கொடுக்கும் எதுவும் சீட்டில் இருக்கக் கூடாது. நோட்டாவும் இந்தச் சீட்டுகளில் இருந்ததில்லை. வெற்றுச் சீட்டு செல்லாத ஓட்டுதான். மடிப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பெயர் ஒரு பக்கமும் சின்னம் மறுபக்கமுமாக ஒரே வரிசையில் இருக்கும். மை காயாமல் மேலிருந்து கீழாக மடித்தால் மை அடுத்தவர் சின்னத்தில் ஒட்டிக்கொள்ளும். முதலில் நெட்டுவாக்கில், இடது பாதி வலது பாதி மேல் படும்படி மடித்தால், ஒட்டினாலும் அதே வேட்பாளர் வரிசையில்தான் ஒட்டும். பிறகு குறுக்கே மடிக்கலாம். தவறுதலாகச் சீட்டு கெட்டுவிட்டால், பெட்டியில் போடுவதற்கு முன் தலைமை அலுவலரிடம் திருப்பிக் கொடுத்து வேறு சீட்டு கேட்கலாம். வெட்கப்பட வேண்டியதில்லை, அதற்கு விதியே இருக்கிறது.

இவ்வளவு பாடு எதற்கு, ஊர் கூடி ஒருவரை ஒருமனதாக நிறுத்தினால் செலவும் பகையும் மிச்சம்தானே என்று ஒரு கேள்வி எப்போதும் வரும். மற்றவர்கள் விரும்பி விலகி ஒருவர் போட்டியின்றி வந்தால் அதைச் சட்டம் ஏற்கிறது. அந்தச் சீட்டு மட்டும் உங்கள் கைக்கு வராது. ஆனால் கோயில் வாசலில் பதவியை ஏலம் விட்டு, பணத்தைத் திருப்பணிக்கு வைத்துக்கொள்வது வேறு. கோயிலுக்குப் போனாலும் அது ஓட்டின் விலைதான். ஏலம் எடுத்தவர் போட்ட முதலை எங்கிருந்து எடுப்பார் என்பது சின்னப்பிள்ளைக் கணக்கு. அதைவிட முக்கியம், 'ஊர்' என்பதில் யார் யார் அடக்கம் என்ற கேள்வி. மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்திலும், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டகச்சியேந்தலிலும் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட 1996 முதல் பத்தாண்டுகள், தேர்தல் நடக்கவிடாமலும் வென்றவரை உடனே ராஜினாமா செய்யவைத்தும் ஓட்டியது ஊர்க் கட்டுப்பாடுதான். 2006-ல் அரசு நிர்வாகம் முழுமூச்சாக நின்ற பிறகே அங்கே தலைவர்கள் பதவியில் நிலைத்தார்கள். ஒருமனதான முடிவு யார் வாயை மூடிப் பெறப்பட்டது என்று பார்க்காமல் அதைப் புகழ முடியாது. கூட்டத்தில் கை தூக்க அஞ்சுகிறவருக்கு மறைப்புக்குள் இருக்கும் அந்த அரை நிமிடம்தான் மிச்சம்.

'காசை வாங்கிக்கிட்டு மனசுக்குப் பிடிச்சவங்களுக்குப் போடு' என்பது அடுத்த யோசனை. கொடுப்பது மட்டுமல்ல, வாங்குவதும் குற்றம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவு ஓராண்டு வரை சிறை என்கிறது. சட்டத்தைத் தள்ளிவைத்தாலும், சிறிய ஊரில் காசு ஓட்டை வாங்குவதைவிட வாயை வாங்குகிறது. பிறகு கிராம சபையில் எழுந்து கணக்குக் கேட்டால் வரும் பதில் எல்லோருக்கும் தெரியும்: 'சும்மாவா போட்டே?' ஏற்கெனவே வாங்கியவர் சத்தியத்துக்குக் கட்டுப்பட்டு அவருக்கே குத்த வேண்டியதில்லை. யாருக்குப் போட்டார் என்று கேட்க எவருக்கும் உரிமை கிடையாது.

அதிகாரிகளே நடத்தட்டுமே என்பாரும் உண்டு. 2016 தேர்தல் அறிவிக்கையை உயர்நீதிமன்றம் ரத்து செய்த பின் மூன்று ஆண்டுகளுக்கு மேல் தனி அலுவலர்கள்தான் நடத்தினார்கள். பெரும்பாலான மாவட்டங்களில் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு பதவிக்காலம் முடிந்ததும் திரும்ப அதே ஏற்பாடு. நல்ல அலுவலர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் பல ஊராட்சிகளுக்குப் பொறுப்பான ஒருவரிடம், மூன்றாவது தெரு குழாயில் நான்கு நாளாகத் தண்ணீர் வரவில்லை என்று ராத்திரி எட்டு மணிக்குக் கதவைத் தட்டிச் சொல்ல முடியாது. வார்டு உறுப்பினர் வீடு அதே தெருவில் இருக்கும்.

உரிமை பறிபோனால் என்ன செய்வது? வேலை முன்கூட்டியே தொடங்குகிறது. ஊராட்சி வாக்காளர் பட்டியல் சட்டமன்றப் பட்டியலை வைத்து வார்டுவாரியாகப் பிரித்துத் தயாரிக்கப்படுவது. அதில் பெயர் இல்லாதவருக்கு இதிலும் இருக்காது. கையில் வாக்காளர் அட்டை இருப்பது மட்டும் போதாது. பெயர் இருந்தும் பக்கத்து வார்டில் போய் விழுந்திருக்கலாம். ஊராட்சி அலுவலகத்தில் பட்டியல் வைக்கப்படும்போதே விரல் வைத்துப் பார்த்துத் திருத்தம் கேட்க வேண்டும். சாவடிக்குப் போனால் உங்கள் பெயரில் வேறொருவர் ஏற்கெனவே போட்டுவிட்டார் என்றால், சண்டை போட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். நீங்கள்தான் அந்த ஆள் என்று நிரூபித்து டெண்டர் ஓட்டு கேளுங்கள். 'சர்கார்' படம் 2018-ல் பிரபலமாக்கிய சங்கதிதான். ஆனால் படம் தந்த உற்சாகத்தில் ஒரு விஷயம் மறந்துபோகும். அந்தச் சீட்டு பெட்டிக்குள் போகாது. தனி உறையில் வைக்கப்படும். வழக்கமான எண்ணிக்கையில் சேராது. முடிவு வெளியாகி 45 நாட்களுக்குள் மாவட்ட நீதிமன்றத்தில் தேர்தல் மனு போட்டால், ஓட்டு வித்தியாசம் ஒன்றிரண்டாக இருக்கும் வார்டில், அந்த உறை சாட்சியாகும்.