அம்பாசிடரா, பியட்டா? தீவுச் சாலைக்கு ஏற்றது எது?

பழைய கார்களைப் பற்றிப் பேச்சு எழுந்தால் நம்மவர் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். அரசாங்க அலுவலகங்களில் வேலை பார்த்தவர்கள் அம்பாசிடர் கட்சி. பம்பாயில் இருந்து வந்தவர்கள் பியட் கட்சி. இரண்டும் இன்று உற்பத்தியில் இல்லை. ஆயினும் நல்லதாக ஒன்று கிடைத்தால் வாங்கலாமே என்று எண்ணுவோர் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்காக இரண்டையும் தராசில் வைத்துப் பார்ப்போம்.

அம்பாசிடருக்கு மூலம் இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு கார். கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1950களின் பிற்பகுதியில் இதைத் தயாரிக்கத் தொடங்கி, 2014 மே மாதத்தில் நிறுத்தியது. பியட் 1100 இத்தாலிய வடிவம். பம்பாய் குர்லாவில் பிரிமியர் ஆட்டோமொபைல்ஸ் தயாரித்த இந்தக் காருக்கு 1970களில் ‘பத்மினி’ என்று பெயர் மாறியது. பம்பாயின் கடைசிப் பத்மினி டாக்சிகள் 2023 அக்டோபரில் ஓய்வு பெற்றன.

எஞ்சின் கணக்கு

அம்பாசிடரின் பழைய பெட்ரோல் எஞ்சின் 1489 சி.சி.; சுமார் 50 குதிரைத் திறன். பியட்டின் எஞ்சின் 1089 சி.சி.; சுமார் 40 குதிரைத் திறன். இதை வைத்து அம்பாசிடரே பலசாலி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அதன் எடை ஏறத்தாழ 1,100 கிலோ. பியட் 900 கிலோதான். டன்னுக்கு இத்தனை குதிரை என்று வகுத்துப் பார்த்தால் அதற்கு 45, இதற்கு 44. ஓட்டுபவர் மட்டும் போனால் இரண்டும் சமமே. பெட்ரோல் செலவில் பியட் சிக்கனம்.

ஐந்து பேரும் மூட்டை முடிச்சுமாக 400 கிலோ ஏறிவிட்டால் கணக்கு மாறுகிறது. அம்பாசிடருக்கு 33, பியட்டுக்கு 31 என்று ஆகிறது. தவிர, அம்பாசிடர் அகலத்தில் சுமார் 20 சென்டிமீட்டர் கூடுதல். பின் சீட்டில் மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேரின் ஏற்ற இறக்கங்களில் அம்பாசிடர் டாக்சிகள் நெடுங்காலம் ஓடியது சும்மா அல்ல.

உப்புக் காற்று

ஆனால் தீவில் காரின் ஆயுளைத் தீர்மானிப்பது எஞ்சின் அல்ல, துரு. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை; நாற்புறமும் கடல் காற்று. லாரிக்கு இருப்பதுபோல் தனிச் சேஸிஸ் இவ்விரு கார்களுக்கும் கிடையாது. உடம்பே எலும்புக்கூடு. அடித்தட்டு அரித்துப்போனால் காரின் பலமே போயிற்று. அம்பாசிடரின் முன்சக்கரங்களைத் தாங்கும் முறுக்குத் தண்டுகளின் பின்முனை அடித்தட்டில்தான் பொருத்தப்பட்டிருக்கிறது. அங்கே துரு ஏறினால் ஆபத்து. பியட்டில் பின்புற லீப் ஸ்பிரிங் மாட்டும் இடங்களைக் கவனிக்க வேண்டும்.

ஆகவே, குடும்பத்தோடு போக அம்பாசிடர், ஆபீசுக்குப் போய்வர பியட் என்பது நம் தீர்ப்பு. எதுவானாலும் பெயிண்டின் பளபளப்பைப் பார்த்துப் பணம் கொடுக்க வேண்டாம். கால்மிதியைத் தூக்கிப் பார்க்கவும். ஜாக் வைத்து உயர்த்தி அடித்தட்டைத் தட்டிப் பார்க்கவும். வாங்கிய பின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் அடிக்கடி கழுவி, கதவுகளின் அடியிலுள்ள வடிகால் துளைகள் அடையாமல் பார்த்துக்கொள்ளவும். எஞ்சின் சாமான்களைச் சென்னையிலிருந்து கப்பலில் வரவழைத்துக்கொள்ளலாம். மக்கிய உடம்புக்கு வழியில்லை.