மருந்துக்கடை வாசல் – 11: அரிப்புக்கு ஒரு ட்யூப்

மெடிக்கலில் கூட்டம் குறையட்டும் என்று பெண்கள் ஓரமாகவே நிற்பார்கள். கடையில் பெண் ஊழியர் இருந்தால் அவர் பக்கமாக நகர்ந்து வருவார்கள். "அக்கா, அரிப்புக்கு ஒரு ட்யூப் குடுங்க" என்பார்கள், குரலைத் தாழ்த்தி. எங்கே அரிப்பு என்று அவர்களும் சொல்வதில்லை, எத்தனை நாளாக என்று கடையிலும் யாரும் கேட்பதில்லை. கவுண்டருக்குப் பின்னால் நிற்கும் மருந்தாளுநர் என்ற முறையில் சொல்கிறேன். கேட்காமல் எடுத்துக் கொடுக்கப்படும் அந்த ட்யூப்பால் பெண்கள் படுகிற பாடு கொஞ்சநஞ்சமல்ல. அதை அவர்கள் வெளியே சொல்வதும் இல்லை. அதனால் இந்த வாரம் முழுக்க அந்த ட்யூப்பைப் பற்றித்தான்.

பெண்ணுறுப்பில் வரும் பூஞ்சைத் தொற்றுக்குப் பெரும்பாலும் காரணம் கேண்டிடா என்கிற ஈஸ்ட். வாயிலும் குடலிலும் பெண்ணுறுப்பிலும் அது எப்போதுமே கொஞ்சம் இருக்கும். அங்கே குடியிருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் அதைத் தலைதூக்க விடாமல் வைத்திருக்கும். சளிக்கோ பல்வலிக்கோ ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் அந்த நல்ல பாக்டீரியாவும் சேர்ந்து அழியும், ஈஸ்ட் பெருகும். கர்ப்ப காலத்திலும், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதபோதும், எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடும்போதும் இதேதான் நடக்கும். நான்கில் மூன்று பெண்களுக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது இது வரும். கல்யாணமாகாத பெண்ணுக்கும் வரும், வீட்டை விட்டு வெளியே போகாதவருக்கும் வரும். இதில் கூச்சப்பட ஒன்றுமே இல்லை.

கடும் அரிப்பு, எரிச்சல், சிறுநீர் போகும்போது வெளிப்புறத் தோலில் காந்தல், திரிந்த பால் போலக் கட்டியாக வெள்ளைப்படுதல். ஈஸ்ட் தொற்றின் அடையாளங்கள் இவை. கெட்ட வாடை பெரும்பாலும் இருக்காது. மீன் கவிச்சி போல வாடை வந்தால் அது பாக்டீரியா ஏறுமாறாகப் பெருகியதால் வருவது. மஞ்சளாகவோ பச்சையாகவோ நுரைத்து வந்தால் ட்ரைகோமோனாஸ் என்ற ஒட்டுண்ணியாக இருக்கலாம். அது உடலுறவில் பரவுவது, கணவருக்கும் சேர்த்து வைத்தியம் பார்க்க வேண்டும். இந்த இரண்டுக்கும் பூஞ்சை மருந்து ஒன்றும் செய்யாது. மாதவிடாய் சுழற்சியின் நடுவில் வாடையில்லாமல், அரிப்பில்லாமல் வழவழப்பாக வெள்ளைப்படுவது நோயே இல்லை. அதற்கு எந்த மருந்தும் வேண்டாம்.

ஆனால் அறிகுறியை வைத்து நாமே முடிவு செய்வது அவ்வளவு சுலபமில்லை. அமெரிக்காவில் 1990-ல் க்ளோட்ரிமசோல் என்ற பூஞ்சை மருந்தை டாக்டர் சீட்டில்லாமல் விற்க அனுமதித்தார்கள். பெண்களுக்கு அது பெரிய வசதி. அங்கே 2002-ல் ஒரு ஆய்வு வெளியானது. தங்களுக்கு ஈஸ்ட் தொற்றுதான் என்று தாங்களே முடிவு செய்து கடையில் மருந்து வாங்கிய 95 பெண்களைப் பரிசோதித்துப் பார்த்தார்கள். ஈஸ்ட் தொற்று மட்டும் இருந்தது மூன்றில் ஒருவருக்குத்தான். மற்றவர்களில் பலருக்கு பாக்டீரியா தொற்றோ, இரண்டும் கலந்ததோ இருந்தது. சிலருக்குத் தொற்றே இல்லை. பெட்டியின் மேல் விளக்கமாக அச்சிட்டு விற்கும் நாட்டிலேயே இந்த நிலை. பெட்டியைக்கூடக் கண்ணில் காட்டாமல் ட்யூப்பை மட்டும் காகிதத்தில் சுற்றிக் கொடுக்கும் நம் ஊரில் நிலைமை எப்படி இருக்கும்? முதல் தடவை வருகிறது என்றால் டாக்டரிடம் காட்டாமல் மருந்து வாங்காதீர்கள் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

டாக்டர் பார்த்து, ஈஸ்ட்தான் என்று தெரிந்துவிட்டால் க்ளோட்ரிமசோல் நல்ல மருந்து. பயப்பட வேண்டியதில்லை. உள்ளே வைக்கிற மாத்திரையில் 500 மில்லிகிராம் என்றால் ஒரே இரவு, 200 என்றால் மூன்று இரவு, 100 என்றால் ஆறு அல்லது ஏழு இரவு. படுக்கப் போகும்போது வைக்க வேண்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கிக்கொண்டு, மாத்திரையை எவ்வளவு உள்ளே போகுமோ அவ்வளவு வைக்க வேண்டும். கூடவே ஒரு ப்ளாஸ்டிக் குழல் கொடுத்திருப்பார்கள். கர்ப்பிணிகள் அந்தக் குழலைத் தவிர்த்து விரலாலேயே வைப்பது நல்லது. காலையில் வெள்ளையாகப் பொடிந்து வெளியே வரும். அது கரைந்த மாத்திரையின் மிச்சம். அதைப் பார்த்து வெள்ளைப்படுதல் அதிகமாகிவிட்டது என்று பயந்து பாதியில் நிறுத்துகிறவர்கள் உண்டு. ஒரு பேட் வைத்துக்கொண்டால் போதும். டாம்பன் மட்டும் கூடாது, அது மருந்தை உறிஞ்சிவிடும். இரண்டாவது நாளே அரிப்பு அடங்கிவிட்டாலும் கணக்கு முடியும்வரை வைக்க வேண்டும்.

வைத்தவுடன் கொஞ்சம் எரிச்சல் இருக்கலாம், சிலருக்கு லேசாக அடிவயிறு இழுக்கும். சில மணி நேரத்தில் அடங்கினால் பிரச்சினை இல்லை. மாறாக, ஒவ்வொரு நாளும் எரிச்சல் ஏறிக்கொண்டே போனாலோ, தோல் தடித்துச் சிவந்தாலோ, கொப்புளம் வந்தாலோ அது ஒவ்வாமை. நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள். முகம் வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. க்ளோட்ரிமசோல் க்ரீம்களில் உள்ள எண்ணெய்ப் பொருள் ஆணுறையின் ரப்பரைப் பலவீனப்படுத்தும். ஆணுறையை நம்பிக் கர்ப்பத்தைத் தள்ளிப்போடுகிறவர்களுக்கு இது முக்கியம். மருந்து முடியும்வரை உறவைத் தவிர்ப்பது இன்னும் நல்லது.

இதுவரை சொன்னதெல்லாம் சரியான மருந்து கிடைத்தவர்களுக்கு. என்னை உறுத்துவது மற்றவர்களின் கதை.

க்ளோட்ரிமசோல். க்ளோபெட்டசால். ட்யூப்பில் பொடி எழுத்தில் இருக்கும்போது இரண்டும் ஒன்று போலவே தெரியும். முதலாவது பூஞ்சையைக் கொல்லும். இரண்டாவது ஸ்டீராய்டு, தோலில் பூசும் ஸ்டீராய்டுகளிலேயே மிகவும் வீரியமான வகை. பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மொமெட்டசோன் எல்லாம் இதே குடும்பம். இந்த ஸ்டீராய்டில் ஒன்று, பூஞ்சை மருந்து ஒன்று, நியோமைசினோ ஜென்டாமைசினோ போல ஆன்டிபயாடிக் ஒன்று என்று மூன்றையும் நான்கையும் கலந்து ஒரே ட்யூப்பில் அடைத்து விற்கிறார்கள். தடவினால் ஒரே இரவில் அரிப்பு நின்றுவிடும், ஏனென்றால் ஸ்டீராய்டு தோலின் எதிர்ப்பை அடக்கிவிடுகிறது. எதிர்ப்பு அடங்கிய இடத்தில் பூஞ்சை நிம்மதியாகப் பரவும். நிறுத்தினால் முன்பைவிட மோசமாகத் திரும்ப வரும். மறுபடி அதே ட்யூப்.

தொடை இடுக்கும் பிறப்புறுப்பைச் சுற்றிய தோலும் மெல்லியவை, மருந்தை அதிகமாக உறிஞ்சுபவை. மாதக்கணக்கில் அங்கே இதைப் பூசினால் தோல் காகிதம் போலாகும், நிறம் வெளுக்கும், தொட்டாலே எரியும். தொடையின் உட்புறத்தில் செந்நிற வரிகள் விழும். அந்த வரிகள் பிறகு எந்த மருந்துக்கும் முழுதாகப் போவதில்லை. 2018 மார்ச்சில் மத்திய அரசு ஸ்டீராய்டு க்ரீம்களை டாக்டர் சீட்டு கட்டாயமான பட்டியலுக்குள் கொண்டுவந்தது. அதே வருடம் செப்டம்பரில் 328 கலவை மருந்துகளைத் தடை செய்தது, அதில் இப்படிப்பட்ட க்ரீம் கலவைகளும் இருந்தன. ஆனாலும் ஸ்டீராய்டு கலந்த ட்யூப்கள் இன்றும் சீட்டில்லாமல் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. என் தொழில் செய்கிறவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. இந்த ஒரு விஷயத்தில் அவர்களை என்னால் நியாயப்படுத்த முடியாது.

க்ளோபெட்டசாலே விஷம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மாதவிடாய் நின்ற பெண்களுக்குப் பிறப்புறுப்புத் தோல் வெளுத்துச் சுருங்கி, தூங்க விடாமல் அரிக்கும் ஒரு தோல் நோய் உண்டு. லைக்கன் ஸ்க்ளீரோசஸ் என்று பெயர். அதற்கு டாக்டர்கள் கொடுப்பது இந்த க்ளோபெட்டசாலைத்தான், அளவும் நாளும் எழுதி. கவனிக்காமல் விட்டால் அந்த இடத்தில் புற்றுநோய் வரும் ஆபத்து கொஞ்சம் உண்டு என்பதால் தொடர்ந்து பரிசோதிக்கவும் வேண்டும். ஐம்பதைத் தாண்டிய அம்மாக்களின் அரிப்பைக் கடையில் ட்யூப் வாங்கித் தீர்க்கக் கூடாது என்பதற்கு இது ஒரு காரணம். இன்னொரு காரணம் சர்க்கரை.

"கண்ணு, போன மாசம் வாங்குனேன்ல, அந்த ட்யூப்பையே குடு. தடவுனா நிக்குது, விட்டா வந்துருது" என்று ஒரு அம்மா கேட்டார்.

"ஏம்மா, சுகர் மாத்திரை எதாச்சும் மாத்திக் குடுத்தாங்களா?"

"ஆமா. நாலு மாசம் இருக்கும். புதுசா ஒண்ணு சேத்துருக்காங்க. அதுக்கும் இதுக்கும் என்ன கண்ணு?"

சீட்டை வாங்கிப் பார்த்தேன். டாபாக்ளிஃப்ளோசின் 10. அந்த மாத்திரை வேலை செய்வதே ரத்தத்தில் மிஞ்சிய சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றித்தான். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் மிக நல்ல மருந்து. ஆனால் சர்க்கரைச் சிறுநீர் படுகிற இடத்தில் ஈஸ்ட்டுக்குத் தீனி கிடைத்துவிடுகிறது. பெண்களுக்கு இது அந்த மருந்தின் நன்கு தெரிந்த பக்க விளைவு. 2020 அக்டோபரில் இந்தியாவில் அதன் காப்புரிமை முடிந்து விலை சரிந்த பிறகு ஏராளமானோர் சாப்பிடுகிறார்கள். அதே வகையைச் சேர்ந்த எம்பாக்ளிஃப்ளோசினுக்கும் 2025 மார்ச்சில் காப்புரிமை முடிந்துவிட்டது. மாத்திரையை எழுதும் அவசரத்தில் அரிப்பு வரலாம் என்று எச்சரிக்கப் பலருக்கும் நேரமிருப்பதில்லை. அந்த அம்மாவுக்கு இரண்டையும் இணைத்துப் பார்க்கத் தெரிய வழியே இல்லை.

அப்படி அரிப்பு வந்தால் மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது. எழுதிய டாக்டரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். சிறுநீர் போனதும் வெறும் தண்ணீரில் கழுவி ஈரம் போகத் துடைப்பது நிறைய உதவும். அந்த இடத்தில் வலியும் வீக்கமும் சேர்ந்து காய்ச்சலும் வந்தால் உடனே ஆஸ்பத்திரி. அது அபூர்வமாக வரும், ஆனால் உயிருக்கே ஆபத்தான தொற்று. 2018-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதற்காகவே தனி எச்சரிக்கை வெளியிட்டது.

சர்க்கரை உள்ளவர்களிடம் இன்னொரு சிக்கலும் உண்டு. டெல்லி எய்ம்ஸ் டாக்டர்கள் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், சர்க்கரையும் ஈஸ்ட் தொற்றும் உள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களிடம் இருந்தது கேண்டிடா கிளப்ராட்டா என்ற வகை. வழக்கமான பூஞ்சை மருந்துகளுக்கு அது எளிதில் மசியாது. எல்லோரும் சாப்பிடும் ஒற்றை ஃப்ளூகோனசோல் மாத்திரை, அந்த வகை இருந்தவர்களில் பத்துக்கு மூன்று பேரைத்தான் குணப்படுத்தியது. வெள்ளைப்படும் திரவத்தை எடுத்து லேப்பில் வளர்த்துப் பார்க்காமல் ட்யூப் மாற்றி ட்யூப் வாங்கினால் பணம்தான் போகும்.

அந்த ஃப்ளூகோனசோல் 150, ஒரே மாத்திரையில் வேலை முடிந்துவிடும் என்பதால் பலருக்கும் பிடித்தமானது. சட்டப்படி சீட்டு வேண்டும், கேட்டால் பல இடங்களில் கிடைத்துவிடும். தலைவலி, வயிற்றுப் புரட்டல் போன்றவை சிறு தொல்லைகள். மற்ற மருந்துகளோடு அது மோதுவதுதான் பெரிய விஷயம். கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையோடு சேர்ந்தால் சர்க்கரை தாழ்ந்து போகலாம். ஃபெனிடோயின் என்ற வலிப்பு மருந்தின் அளவு ரத்தத்தில் ஏறும். இதயத் துடிப்பில் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. இதயத்தில் செயற்கை வால்வு பொருத்தி, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரினோ அசினோகூமராலோ சாப்பிடும் பெண்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம், ரத்தக் கசிவு வரலாம். அவர்களுக்கு உள்ளே வைக்கிற மைக்கோனசோல் என்ற பூஞ்சை மருந்துகூட ஆகாது. உள்ளே வைப்பதுதானே, ரத்தத்தில் கலக்காது என்று நினைப்பதற்கில்லை. ஈறில் ரத்தம், காரணமில்லாத கன்றிய காயம் என்று இருந்தால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

கர்ப்பிணிகள் ஃப்ளூகோனசோல் மாத்திரையைத் தாங்களாகச் சாப்பிடவே கூடாது. கருச்சிதைவோடு அதற்குத் தொடர்பு இருக்கலாம் என்று டென்மார்க்கில் நடந்த ஒரு பெரிய ஆய்வு 2016-ல் காட்டியது. அவர்களுக்கு டாக்டர் சொல்லி ஏழு நாள் உள்ளே வைக்கும் மருந்துதான் பாதுகாப்பு. தள்ளிப்போயிருக்கிறது, இன்னும் டெஸ்ட் பண்ணவில்லை என்பவர்களும் இந்தக் கணக்கில் சேர்த்திதான்.

டெட்டால் ஊற்றிக் கழுவுவது, வாசனை வாஷ், பூண்டை உள்ளே வைப்பது, எலுமிச்சைச் சாறு எல்லாம் புண்ணில் மிளகாய் பூசுகிற வேலை. எதுவும் வேண்டாம்.

வருடத்துக்கு மூன்று தடவைக்கு மேல் வந்தால், மூன்று நாளில் குறையத் தொடங்கவில்லை என்றால், ஒரு வாரத்தில் போகவில்லை என்றால், காய்ச்சல், அடிவயிற்று வலி, கெட்ட வாடை, ரத்தக் கசிவு இருந்தால், சின்னப் பெண்ணுக்கு வந்தால், கடைக்குப் போகாமல் டாக்டரிடம் போங்கள். அரசு ஆஸ்பத்திரியில் பரிசோதித்துவிட்டு, வெள்ளைப்படுதலுக்கான மாத்திரைகளை இலவசமாகவே கொடுக்கிறார்கள். அடிக்கடி வருகிறவர்கள் ஒரு முறை சர்க்கரை டெஸ்ட் செய்துகொள்ளுங்கள். சர்க்கரை இருப்பதே இந்த அரிப்பால் தெரியவந்த பெண்கள் நிறைய.

இந்தப் பக்கத்தைப் படித்து முடித்ததும் வீட்டில் இருக்கும் ட்யூப்பை எடுத்துத் திருப்பி, பொடி எழுத்தை வெளிச்சத்தில் படித்துப் பாருங்கள். க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று ஏதாவது இருந்து, அதை டாக்டர் எழுதித் தரவில்லை என்றால், மறுபடி பூச வேண்டாம். நீண்ட நாளாகப் பூசி வருகிறவர்கள் தோல் டாக்டரிடம் அந்த ட்யூப்பையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.

(அடுத்த வாரம்: வெறும் வயிற்றில் போடும் அசிடிட்டி மாத்திரை)