முகமறியும் மூளையும் சிறு மின்னோட்டமும்

ஒருவரின் முகத்தை அறிந்துகொள்வதற்கு நாம் எவ்வகைப் பிரயாசையும் எடுப்பதில்லை. பத்தாண்டுகளாகக் காணாதிருந்த நண்பன் சந்தை நடுவே எதிர்ப்பட்டால், அவன் தலை நரைத்து உடல் தடித்திருப்பினும், “இவன் அவனே” என மனம் கணப்பொழுதிற் கூறிவிடுகின்றது. இரண்டு கண், ஒரு மூக்கு, ஒரு வாய் என்னும் இச் சில உறுப்புக்களைக் கொண்டே எண்ணிறந்த முகங்களை வேறுபிரித்து அறிகின்றோம். இத்துணை அரிய செயல் இத்துணை எளிதாக நிகழ்வதனாலேயே அதனைப்பற்றி நாம் சிந்திப்பதில்லை. அவ்வாற்றல் இல்லாதார் நிலையை நோக்கும்போதே அதன் அருமை புலப்படும்.

கண்ணிருந்தும் முகமறியார்

1947ஆம் ஆண்டில் யோக்கிம் போடமர் என்னும் யேர்மானிய நரம்பியல் வைத்தியர், தலையிற் குண்டு பாய்ந்த இளைஞன் ஒருவனைப் பற்றி எழுதினார். அவன் குருடனல்லன். ஆயினும் உற்றாரையும் நண்பரையும் முகத்தைக் கண்டு அறிய அவனால் இயலவில்லை. கண்ணாடியில் தோன்றிய தன் முகமே அவனுக்கு அயலார் முகமாயிருந்தது. முகம், அறியாமை என்னும் பொருளுடைய கிரேக்கச் சொற்களை இணைத்து இந்நிலைக்குப் பெயரிட்டவர் போடமரே. நாம் இதனை முகமறியாமை எனலாம்.

தலையிற் காயம் எதுவுமின்றிப் பிறவியிலேயே இக்குறையுடையாரும் உளர். நூற்றுக்கு ஏறத்தாழ இருவர் இத்தகையோர் என ஆராய்ச்சியாளர் கணித்துள்ளனர். புகழ்பெற்ற நரம்பியல் வைத்தியரும் எழுத்தாளருமாகிய ஒலிவர் சக்ஸ் தமக்கும் இக்குறை உண்டென்பதை வெளிப்படையாக எழுதினார். இவர்கள் குரலாலும் நடையாலும் உடையாலும் பிறரை அடையாளங் காண முயல்கின்றனர். எனினும் வீதியில் எதிர்ப்படும் உறவினரைக் கடந்து சென்றுவிட்டால், “கண்டும் காணாதவர்போற் போகிறார், செருக்கு மிகுந்துவிட்டது” என்னும் பழியே அவர்களுக்குக் கிடைக்கின்றது.

மூளையில் ஓர் இடம்

கண் காட்டுவதை முகமென அறிவது மூளையே. கண் அனுப்பும் செய்திகளைப் பெறும் பார்வைப் பகுதி மூளையின் பிற்பக்கத்தில் உள்ளது. அங்கிருந்து முன்னோக்கிச் செல்லும் வழியில், மூளையின் அடிப்பக்கத்தில் உள்ள ஒரு சிறு பகுதி, பிற பொருள்களைக் காணும்போதிலும் முகங்களைக் காணும்போது மிகுதியாகத் தொழிற்படுகின்றது. 1997இல் நான்சி கான்விஷரும் அவர்தம் துணைவரும் அமெரிக்காவில் நடத்திய ஆராய்ச்சி இதனைத் தெளிவுபடுத்திற்று. பெரும்பாலாரிடத்து வலப்பக்கத்துப் பகுதியே இதில் வலிமை மிக்கது.

2012இல் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்திலிருந்து வியப்பிற்குரிய ஒரு செய்தி வெளியாயிற்று. வலிப்பு நோயாளி ஒருவரின் நோய் எவ்விடத்திலிருந்து எழுகின்றது என அறியும்பொருட்டு, சத்திரசிகிச்சை செய்து அவரது மூளையில் மின்வாய்களை வைத்திருந்தனர். முகமறியும் பகுதியிலிருந்த மின்வாய்களின் வழியே வைத்தியர் யோசெப் பர்விசி சிறிது மின்னைச் செலுத்தினார். உடனே வைத்தியரின் முகம் நோயாளியின் பார்வையில் உருமாறி, வேறொருவர் முகம் போலாயிற்று. முகமன்றி வேறொன்றும் மாறவில்லை. மின் நின்றதும் முகம் பழைய வடிவத்தை அடைந்தது.

மண்டையைத் திறவாமல்

மண்டையைத் திறந்து செய்யும் இச்சோதனையை நலமுள்ளாரிடத்துச் செய்தல் தகாது. ஆதலின் புறத்தேயிருந்து மூளையைத் தூண்டும் வழிகளை ஆராய்ச்சியாளர் நாடினர். தலைக்கு அருகே கம்பிச் சுருளொன்றைப் பிடித்துக் காந்த அதிர்வொன்றை உண்டாக்கினால், அது மூளையிற் சிறு மின்னோட்டத்தை எழுப்பும். 2007இல் டேவிட் பிச்சரும் துணைவரும் இம்முறையால் மூளையின் வலப் பிற்பகுதியில் முகத்திற்குரிய ஓரிடத்தைத் தூண்டினர். முகத்தின் உறுப்புக்களை வேறுபிரித்தறியும் திறன் அதனாற் குன்றிற்று. வீடுகளின் படங்களை வேறுபிரித்தறியும் திறனோ குன்றவில்லை.

இதனினும் எளிய முறை ஒன்றுண்டு. உப்புநீரில் தோய்த்த பஞ்சுறைகளுள் இரு மின்வாய்களை இட்டுத் தலையில் வைத்து, மின்கலத்திலிருந்து ஒன்று அல்லது இரண்டு மில்லி அம்பியர் நேரோட்டத்தைச் சில நிமிடங்கள் செலுத்துவர். பழைய ரோச் விளக்கின் குமிழொன்று பெறும் ஓட்டத்தில் இது நூற்றிலொரு பங்குமன்று. தோலிற் சிறு தினவு தோன்றும். 2000ஆம் ஆண்டில் யேர்மனியின் கோற்றிங்கன் நகரில் நிற்சே, பவுலஸ் என்னும் இருவர், இவ்வோட்டம் கையை இயக்கும் மூளைப்பகுதியின் கிளர்ச்சியைக் கூட்டவும் குறைக்கவும் வல்லது எனக் காட்டினர். கையை இயக்கும் பகுதிக்கு இயல்வது முகமறியும் பகுதிக்கும் இயலுமோ என்னும் கேள்வி இயல்பாகவே எழுந்தது.

மாறுபட்ட முடிவுகள்

2015இல் வெளியான ஓர் ஆராய்ச்சி, ஒழுங்கின்றி மாறும் மின்னோட்டத்தைச் செலுத்தியபோது, முகங்களை வேறுபிரித்தறியும் திறன் உயர்ந்தது எனக் கூறிற்று. 2016இல் வேறொரு குழுவினர் நேரோட்டத்தாலும் முகங்களைக் காணும் திறனும் நினைவும் மேம்பட்டன என்றனர். ஆயின் முகங்களுக்கு மட்டுமன்றிப் பிற பொருள்களுக்கும் அம்மேம்பாடு காணப்பட்டது. எனவே முகமறியும் இடமொன்றையே தொட்டோம் என அவர்கள் கூறுதற்கில்லை.

ஈண்டு நாம் போற்றத்தக்கது பின்னர் நிகழ்ந்ததே. 2016இன் ஆராய்ச்சியில் ஈடுபட்டோருட் சிலரும் சேர்ந்து இவ்விருவகை ஓட்டங்களையும் மீளச் சோதித்தனர். எதிர்பார்த்த மேம்பாடு தோன்றவில்லை. அதனை மறைக்காது 2019இல் வெளியிட்டனர். தம் முந்திய வெற்றிக்கு மாறான முடிவையும் உலகறியச் செய்தலே அறிவியலின் நேர்மை.

முடிவுகள் இவ்வாறு மாறுபடுதற்குக் காரணங்கள் உள. தோலும் மண்டையோடும் மின்னோட்டத்தின் பெரும்பங்கைத் தடுத்துவிடுகின்றன. 2018இல் வெளியான அளவீடுகளின்படி, ஏறத்தாழ 75 சதவீதம் இவ்வாறு குறையக்கூடும். மண்டையின் தடிப்பு ஆளுக்கு ஆள் வேறுபடும். மேலும், முகமறியும் முதன்மைப் பகுதி மூளையின் அடிப்பக்கத்தில் இருத்தலால், புறத்திலிருந்து அதனை எட்டுதல் எளிதன்று.

இக்கருவிகள் இன்று இணைய வழியே விலைக்கு வருகின்றன. நினைவாற்றலையும் கவனத்தையும் வளர்க்கும் என்னும் விளம்பரத்தைக் கண்டு, பரீட்சையை நோக்கியிருக்கும் பிள்ளைகளின் பெற்றோர் மயங்குதல் கூடும். 2016இல் இத்துறை ஆராய்ச்சியாளர் பலர் ஒன்றுகூடிப் பகிரங்கக் கடிதமொன்று எழுதினர். மின்னோட்டம் குறித்த இடத்தில் மட்டும் நில்லாது பரவும்; ஒரு திறனை வளர்க்க முயல்கையில் மற்றொன்று குன்றவுங்கூடும்; அதன் விளைவு நெடுநாள் நிலைக்கவுங்கூடும் என அவர்கள் எச்சரித்தனர். வளரும் பிள்ளையின் மூளை வீட்டிற் சோதனை செய்தற்குரிய பொருளன்று.

முகமறியாமைக்கு இம்மின்னோட்டம் மருந்தாகும் எனக் கூறுங் காலம் இன்னும் வரவில்லை. அதுவரை நம்மால் ஆகும் உதவி ஒன்றுண்டு. நம்மைக் கண்டும் அறியாதவர்போற் செல்வோரைச் செருக்குடையார் என உடனே தீர்ப்பிடாது, அருகணைந்து நம் பெயரைச் சொல்லி நலம் விசாரிப்போமாக. அதற்கு மின்கலம் எதுவும் வேண்டியதில்லை.