லீவு முடிகிற நாளில் கூட்டி வராதீர்கள்

கடந்த தவக்காலத்தின் முதல் இரண்டு வாரத்தில் மருத்துவரான என்னிடம் மூன்று பேர் வந்தார்கள். இருவர் பட்டாளத்தில் இருப்பவர்கள், ஒருவர் ஓய்வு பெற்றவர். மூவரும் சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு, "இனி நாற்பது நாள் தொடமாட்டேன்" என்று பொருத்தனை செய்து குடியை நிறுத்தியவர்கள். வெள்ளிக்கிழமை ராத்திரி மூவருக்கும் கை கால் நடுங்கி, சுவரில் பூச்சி ஊர்வது தெரிந்திருக்கிறது.

அவர்களில் ஒருவரை ஞாயிறு வரை ஒரு ஜெப வீட்டில் வைத்திருந்துவிட்டுக் கொண்டுவந்தார்கள். அவர் நடு இரவில் எழுந்து நின்று, "தம்! கோன் ஆத்தா ஹை?" என்று அதட்டியிருக்கிறார். காவல் நிற்கும் சிப்பாய் இருட்டில் வருகிறவரைப் பார்த்துக் கேட்கும் கேள்வி அது: நில், யார் வருவது? அவருடைய அம்மாவுக்கு இந்தி தெரியாது. "பிள்ள வேற பாஷை பேசுதான் டாக்டரே, அவனுக்குள்ள என்னமோ இருக்கு" என்று அழுதார். பிள்ளைக்குள் இருந்தது பதினான்கு வருட ராக்காவல். அதைப் பேய் என்று நினைத்து இரண்டு நாள் தண்ணீர்கூடக் கொடுக்காமல் உபவாசம் இருக்க வைத்திருந்தார்கள்.

மூன்றாம் நாள் நடுக்கம்

குடியை நிறுத்தியது நல்ல காரியம். நிறுத்திய விதம்தான் ஆபத்து. தினமும் குடித்துப் பழகியவர் திடீரென நிறுத்தினால் ஆறேழு மணி நேரத்திலேயே கை நடுங்கத் தொடங்கும். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். 48 மணியிலிருந்து 72 மணி நேரத்துக்குள் வியர்வை, காய்ச்சல், இடம் காலம் தெரியாத குழப்பம், இல்லாததைப் பார்ப்பது என்று முற்றும். கவனிக்காமல் விட்டால் உயிர் போகும். மருத்துவமனையில் சேர்த்தால் தயமின் ஊசியும் டயசெபம் வகை மருந்தும் கொடுத்து, பெரும்பாலானவர்களை ஒரு வாரத்துக்குள் தெளியவைத்துவிடலாம். தயமின் போடாமல் வெறும் குளுக்கோஸ் பாட்டிலை ஏற்றி அனுப்புவது மூளையைக் கெடுக்கும். தெருமுனைக் கிளினிக்கில் அதைக் கேட்டு வாங்கி ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

லீவு முடிந்து ஜம்முவுக்கோ குவாஹாத்திக்கோ கிளம்புகிறவர்களுக்கு இது ரயிலிலேயே வருகிறது. இரண்டு மாதம் தினமும் குடித்துவிட்டு, மூன்று நாள் பயணத்தில் ஒரு சொட்டும் இல்லாமல் உட்கார்ந்திருந்தால், பாதி வழி தாண்டும்போது அவருக்கு யாரோ துரத்துவதுபோல் தெரியும். ஓடும் ரயிலிலிருந்து குதித்தவர்களும் உண்டு.

ஏன் ஒளிக்கிறார்கள்

ராணுவத்தில் உடல் தகுதியை 'ஷேப்' என்று ஐந்து எழுத்தில் மதிப்பிடுகிறார்கள். அதில் முதல் எழுத்தே மனநலத்துக்கு உரியது. அது இறங்கினால் பதவி உயர்வு நிற்கும், கூட்டாளிகள் மத்தியில் பேச்சு எழும் என்ற பயம் ஒவ்வொரு ஜவானுக்கும் இருக்கிறது. அதனால் யூனிட் மருத்துவரிடம் சொல்வதில்லை. ஊருக்கு வந்தால் மனநல மருத்துவரின் பெயர்ப்பலகையைப் பார்த்தாலே தெரு மாறிப் போகிறார்கள். கூசாமல் ஏறும் ஒரே வாசல் போதகர் வீட்டு வாசல்தான். கன்னியாகுமரி, திருநெல்வேலி, தூத்துக்குடி, வேலூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். எனவே ஆயர்களே, அருட்தந்தையர்களே, இந்தக் கட்டுரையில் பாதி உங்களுக்குத்தான்.

இந்திய ராணுவத்திலேயே மத போதகர் பணியிடங்கள் உண்டு. கிறிஸ்தவர்களுக்கான 'பாத்ரே', ஜே.சி.ஓ. தரத்தில் படைவீரர்களோடு இருப்பவர். வீரனின் மனதுக்கு ஒரு மேய்ப்பர் தேவை என்பதை ராணுவமே ஒப்புக்கொண்டிருக்கிறது. அதை மறுக்க நான் யார்?

மருந்து எட்டாத இடம்

எழுபதை நெருங்கும் ஒரு பெரியவர். அடையாளங்களை மாற்றியே சொல்கிறேன். 1987 முதல் 1990 வரை இலங்கையில் இருந்த இந்திய அமைதிப்படையில் பணியாற்றியவர். ஏறக்குறைய 1,200 இந்திய வீரர்கள் உயிர் இழந்த களம் அது. யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டைச் சோதனை போடப் போயிருக்கிறார்கள். அந்த வீட்டு அம்மா இவரைப் பார்த்து, "தம்பி" என்றிருக்கிறார், இவருடைய சொந்த மொழியில். அதற்குப் பிறகு நடந்ததை அவர் என்னிடம் சொல்லவில்லை. முப்பது வருடம் கழித்துத் தன் ஆயரிடம் சொன்னார்.

நான் கொடுத்த செர்ட்ராலின் மாத்திரை அவருடைய கெட்ட கனவுகளைக் குறைத்தது. திருவிழா வெடிச் சத்தத்துக்குக் கட்டிலுக்கு அடியில் போவதை நிறுத்தியது. ஆனால் "நான் மன்னிக்கப்படுவேனா" என்ற கேள்விக்கு என் மருந்துச் சீட்டில் பதில் இல்லை. வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்களுக்குச் சிகிச்சை அளித்த அமெரிக்க மனநல மருத்துவர் ஜோனதன் ஷே இதை மனச்சாட்சியில் படும் காயம் என்று பிரித்துக் காட்டினார். பயத்தால் வரும் காயம் வேறு, குற்ற உணர்வால் வரும் காயம் வேறு. இரண்டாவதை ஆற்றுவதில் நல்ல போதகருக்கு என்னைவிடத் திறன் அதிகம். அந்த ஆயர் ஏழெட்டு மாதம், வாரம் ஒருமுறை, அவரோடு உட்கார்ந்தார். முதல் மூன்று சந்திப்பில் வேதாகமத்தைத் திறக்கவே இல்லையாம்.

அவர் செய்ததே சரி. எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே படுத்துச் சாவைக் கேட்டபோது, தேவதூதன் முதலில் சாப்பாடும் தண்ணீரும் கொடுத்துத் தூங்கவிட்டான். எழுந்ததும் மறுபடி சாப்பிடச் சொன்னான். பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான். மனச்சோர்வுக்கு இதைவிட நல்ல முதலுதவியை நான் படித்த பாடப்புத்தகங்களில் பார்த்ததில்லை.

கேட்டுக் கேட்டுக் காது புளித்தவை

"பவுலே தீமோத்தேயுவுக்குக் கொஞ்சம் திராட்சரசம் குடிக்கச் சொன்னார், டாக்டர்." அது வயிற்றுக் கோளாறுக்குச் சொன்னது. கேன்டீன் ரம்மில் அரை பாட்டிலைத் தூக்கத்துக்கு ஊற்றிக்கொள்ளச் சொல்லவில்லை. குடித்தால் சீக்கிரம் தூக்கம் வரும், இரண்டு மணிக்கு விழிப்பும் வரும். விழித்துவிட்டு மறுபடி தூங்கினால் வரும் கனவு இன்னும் கொடியது.

"விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு?" சர்க்கரை மாத்திரையை விழுங்கிவிட்டு இதைக் கேட்கிறார்கள். லூக்கா வைத்தியர் என்பதை ஞாயிறு பள்ளியில் படித்தவர்கள்தானே நாம்? எழுப்புதல் கூட்டத்தில் மாத்திரை அட்டையை மேடையில் போட்டுவிட்டு வந்தவர்கள் மூன்று மாதத்தில் இருமடங்கு மோசமாகத் திரும்பி வருகிறார்கள். அப்போது அந்த மேடையும் இருப்பதில்லை, பேசியவரும் ஊரில் இருப்பதில்லை.

"எழுந்து சாட்சி சொல்லு, பாரம் இறங்கும்." தயவுசெய்து செய்யாதீர்கள். குண்டு வெடித்ததையும் கூட்டாளி செத்ததையும் நூறு பேர் முன்னால் சொல்லவைத்தால், அவர் அந்த இடத்துக்கே திரும்பிப் போய்விடுவார். அதைப் பேசவைப்பதற்குப் பயிற்சி வேண்டும், பாதுகாப்பான அறை வேண்டும், பல வாரங்கள் வேண்டும்.

"ஜெபிக்கத்தானே குரூப்பில் போட்டோம்." ஒரு ஜவானின் மனைவி போதகரிடம் அழுது சொன்னது, சாயங்காலத்துக்குள் ஜெபக்குறிப்பாக வாட்ஸ்அப்பில் இருநூறு பேருக்குப் போயிருந்தது. கணவருடைய யூனிட்வரை அது எட்டியது. அந்தப் பெண் அதற்குப் பிறகு ஆலயத்துக்கும் போகவில்லை, என்னிடமும் வரவில்லை. ரகசியம் காக்க முடியாதவர் ஆலோசனை கொடுக்க உட்காரக் கூடாது.

"கல்யாணம் பண்ணிவைத்தால் சரியாகும்." ஒருவருடைய நோய்க்கு இன்னொரு வீட்டுப் பெண்ணை மருந்தாகக் கொடுக்காதீர்கள்.

இதையெல்லாம்விட என்னைக் கோபப்படுத்துவது, குடியை நிறுத்தவைக்கக் குழம்பில் ரகசியமாகக் கலக்கும் மாத்திரை. அது பெரும்பாலும் டைசல்ஃபிராம். தெரியாமல் அதைச் சாப்பிட்டுவிட்டு அவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரிந்து, இதயம் நின்றுபோகக்கூடும். அவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, மருத்துவர் பார்வையில் எடுக்க வேண்டிய மருந்து அது. கடைக்காரர் கொடுக்கும் அல்பிரசோலமும் இப்படித்தான்: ஒரு வாரம் தூங்கவைக்கும், பிறகு தானே ஒரு போதையாகிவிடும்.

வீட்டில் காத்திருப்பவர்கள்

பீல்டு போஸ்டிங்கில் கணவர் இருக்கும் வருடங்களில் பெண்கள் வீட்டையும் பிள்ளைகளையும் தனியே நடத்துகிறார்கள். அவர் திரும்பியதும் எல்லா அதிகாரத்தையும் ஒரே நாளில் ஒப்படைக்கச் சொன்னால் சண்டை வரத்தான் செய்யும். அப்பா வந்த வாரம் ஆறு வயதுப் பிள்ளை படுக்கையை நனைத்தால் அடிக்காதீர்கள்.

அடி வாங்கிக்கொண்டு வரும் பெண்ணிடம் "பொறுத்துப் போ மகளே, ஜெபி" என்று மட்டும் சொல்லி அனுப்பும் போதகர் அவளை ஆபத்துக்குள் திருப்பி அனுப்புகிறார். 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அவளுக்குக் கொடுங்கள். கணவனை இழந்தவளிடம், "அவர் கர்த்தரிடம் போய்விட்டார், அழாதே" என்று சொல்லாதீர்கள். இயேசுவே லாசரு இறந்தபோது அழுதவர்.

பரிசோதனைகள்

என்னிடம் வருகிறவருக்கு இந்தப் பரிசோதனைகள் போதும்: தைராய்டு, சர்க்கரை, கல்லீரல், பி12, ரத்த அழுத்தம்.

கெஞ்சிக் கேட்கிறேன்

ராணுவத்தில் ஒரு ஜவானுக்கு வருடாந்திர விடுப்பு 60 நாள். ஐம்பத்தெட்டாம் நாள், ரயில் டிக்கெட்டைப் பையில் வைத்துக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். மனச்சோர்வு மருந்து வேலை செய்யவே நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். இரண்டு நாளில் நான் என்ன செய்வேன்? முதல் வாரமே கூட்டி வாருங்கள். உறவுக்காரர் வீட்டு விருந்தெல்லாம் பிறகு இருக்கட்டும்.

ஆயர்களே, உங்களிடம் வருகிறவர் தூக்கமில்லை என்றாலோ, கை நடுங்கினாலோ, "நான் இருந்து என்ன பயன்" என்றாலோ, ஜெபித்துவிட்டு அன்றே அனுப்பிவையுங்கள். முடிந்தால் கூடவே வாருங்கள். சாக நினைக்கிறாயா என்று நேராகக் கேளுங்கள்; கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஓய்வு பெற்று வங்கிக் காவலராக இருப்பவர் வீட்டில் உரிமத் துப்பாக்கி இருக்கும். அவர் சோர்ந்திருக்கும் நாட்களில் அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க அவரைச் சம்மதிக்க வையுங்கள்.

முறையாக ஆலோசனைப் பயிற்சி பெற விரும்பும் போதகர்களுக்கு வேலூரில் கிறிஸ்தவ ஆலோசனை மையம் இருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு யாரும் கிடைக்காவிட்டால் 14416. 2022 அக்டோபரில் தொடங்கிய அரசின் டெலி மானஸ் சேவை அது. தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. 2023 டிசம்பரில் புனே ஆயுதப்படை மருத்துவக் கல்லூரியில் படையினருக்கும் குடும்பத்தினருக்கும் அதன் தனிப் பிரிவு தொடங்கப்பட்டது. 14416 என்ற எண்ணை ஆலய அறிவிப்புப் பலகையில், திருமண ஓலைகளுக்குப் பக்கத்தில், பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். இந்த ஞாயிறே ஒட்டுங்கள்.